ஏரிக்கரை வீட்டின் கடைசிக் காட்சி

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கொலையாவது விழாமல் இருந்ததில்லை.

"காலையில துணி துவைக்கணும், மத்தியானம் பொணம் விழணும், சாயங்காலம் காய்கறி வாங்கணும். இப்படி ஒரு வீட்டுல வாழ்க்கைப்பட்டேன்" என்று அவன் மனைவி சொல்வாள். அவளுக்குத் துப்பறியும் படம் என்றாலே ஆகாது. கூடத்தில் டிவி ஓட ஆரம்பித்ததும் தலையணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். கூடத்தில் மிஞ்சுவது மெக்கானிக்கும் அவனுடைய அக்காவும்தான்.

அக்காவுக்குக் கண் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படியில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த டாக்டர் எந்த வார்டில் இருப்பார், எந்த நர்ஸ் போனை எடுக்க மாட்டாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்தியும் ஆங்கிலமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி காதாலேயே கற்றுக்கொண்டவை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் பார்வை இரண்டு ஓரத்திலிருந்தும் சுருங்க ஆரம்பித்தது. யாரோ திரையை இழுத்து மூடுவது போல மெல்ல மெல்ல மூடி, கடைசியில் நடுவிலிருந்த கொஞ்சமும் போயிற்று. கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டோடு வந்துவிட்டாள்.

கண் போன பிறகு அவள் விட மறுத்தது சினிமாவை மட்டும்தான். அதிலும் மர்மப் படம். காதல் படம் பார்த்தால் தூக்கம் வருகிறது என்பாள், சண்டைப் படம் என்றால் காது வலிக்கிறது என்பாள். பம்பாயிலிருந்து வருவதோ, ஹாலிவுட்டிலிருந்து வருவதோ, புதிதாக ஒரு மர்மப் படம் வந்துவிட்டால் மட்டும் தூக்கமும் வராது, காதும் வலிக்காது. வசனத்தை அவள் காதே பார்த்துக்கொள்ளும். பேச்சில்லாத இடங்களைச் சொல்ல வேண்டியது தம்பியின் வேலை.

ஆரம்பத்தில் அவன் சொன்ன லட்சணம் வேறு. "ஒருத்தன் வர்றான்க்கா. ஒருத்தி நிக்கிறா. போறான்." அவ்வளவுதான்.

"வர்றான், நிக்கிறா, போறான். ஏன்டா, நீ என்ன பஸ் ஸ்டாண்டுலயா உட்கார்ந்திருக்க?" என்று அக்கா கத்துவாள். "அவன் கை எங்க இருக்கு? பாக்கெட்டுக்குள்ளயா வெளியயா? அவ அவனைப் பார்க்கறாளா, கதவைப் பார்க்கறாளா?"

போகப் போக அவனுக்கு அது பிடிபட்டது. மூச்சு விடாமல் பேசித் தள்ளாமல், வசனத்தின் மேல் ஏறாமல், இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு சொல்லைச் செருகுவது எப்படி என்று தெரிந்துகொண்டான். அக்கா கேட்பதற்கு முன்பே "வலது கை பாக்கெட்டுல" என்பான். அதில் அவனுக்கு ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு.

பார்வையில்லாதவர்களின் சங்கம் ஒன்று போனில் ஒரு குரல் குழு நடத்தி வந்தது. யார் வேண்டுமானாலும் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம், எல்லாரும் கேட்கலாம், பதில் பேசலாம். ஒருவர் செய்தி வாசிப்பார், ஒருவர் வீட்டு வைத்தியம் சொல்வார். அக்கா பேசுவது சினிமாவைப் பற்றி. வாரம் ஒரு படம். ஒரு நாள் அவள் பேசாவிட்டால் "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று குரல்கள் வந்து குவியும்.

பேசினால் தயவு தாட்சண்யம் கிடையாது.

"இந்திப் படத்துல கொலைகாரனைப் போலீஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி வயலின்காரன் பிடிச்சுக் குடுத்துடறான். பரம சாது மாதிரி ஒருத்தன் உள்ள வந்து 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறான். பின்னாடி ஒரு இழுவை, ஙொய்ய்ங்னு. அப்புறம் என்னங்க மர்மம்? போன வாரம் பார்த்தேனே அந்த மலை ஓட்டல் படம், அதுல திருப்பத்துக்கு மேல திருப்பம் வச்சு, கடைசியில எந்தப் பக்கம் திரும்பினோம்னு எடுத்தவருக்கே மறந்துபோச்சு. கொலைகாரன் துப்பாக்கியை நீட்டிக்கிட்டு, ஏன் செஞ்சேன், எப்படிச் செஞ்சேன்னு வகுப்பு எடுக்கறான். நாம என்ன பரீட்சையா எழுதப் போறோம்?"

ஹாலிவுட்டையும் சும்மா விட மாட்டாள். "அங்க துப்பறியறவன் எவனா இருந்தாலும் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிருப்பா. எப்பவும் மழை. வீட்டுக்குள்ள ஒருத்தரும் லைட் போட மாட்டாங்களாம், என் தம்பி சொல்றான். என்னைப் போல ஆளுங்க போடாம இருந்தா சரி, அவங்களுக்கு என்ன வந்துச்சு? இப்ப புதுசா ஒண்ணு. ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல டக் டக்குனு ரெண்டு தட்டு தட்டறா, கொலைகாரன் விலாசம் வந்து நிக்குது. எங்க ஆஸ்பத்திரியில உள்ளயே படுத்திருக்கற ஆள் எந்த மாடியில இருக்கார்னு கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும்."

ஆனாலும் ஹாலிவுட் படங்களில் ஒரு சிலவற்றின் மேல் அவளுக்குத் தனி மரியாதை இருந்தது. பேசாமலேயே கதை சொல்கிற படங்கள். "நம்மளை மடையன்னு நினைக்காத படம்" என்பாள். அந்தப் படங்களில்தான் அவளுக்குத் தம்பி அதிகமாகத் தேவைப்பட்டான். குழுவில் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "எனக்கு என்ன கவலை? என் தம்பி கண்ணு கொட்டாம பார்த்துச் சொல்வான்."

அப்படிப்பட்ட ஒரு படம்தான் அந்த ஏரிக்கரை வீட்டுப் படம்.

கதை இதுதான். ஏரிக்கரையில் ஒரு தனி வீடு. கணவன் ஒரு நாள் காணாமல் போகிறான். அதே வாரம் அடுத்த வீட்டுப் பெண்ணும் காணோம். இரண்டு பேரும் சேர்ந்து ஓடிவிட்டார்கள் என்று ஊர் பேசுகிறது. மனைவி மட்டும் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். விசாரிக்க வரும் பெண் போலீஸிடம் ஒன்றுக்கு இரண்டு வார்த்தை பேச மாட்டாள்.

பாதிப் படத்திலேயே அக்கா தொடையில் தட்டினாள். "இவதான்டா. இவ நடையைக் கேளு. புருஷன் ஓடிப்போனவ நடையா இது? மாடிப்படியில என்ன நிதானமா இறங்கறா பாரு."

"இருக்கும்க்கா" என்றான் மெக்கானிக்.

அந்த வாரம் முழுக்க ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கயிறு மாற்றும் வேலை அவனுக்கு. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் அதை ஒரு சாக்காக அவன் பிறகு ஒருபோதும் சொன்னதில்லை. ஏனென்றால் அவன் தூங்கவில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் பேச்சே இல்லாத ஒரு நீண்ட காட்சி வந்தது. ஆரம்பத்தில் சொல்லிக்கொண்டுதான் வந்தான். அவள் நிலவறைக்குள் இறங்குகிறாள், பெட்டியைத் திறக்கிறாள் என்றான். அப்போது மடியில் இருந்த போன் ஒளிர்ந்தது. கூட வேலை செய்கிறவன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சூறைக்காற்றில் ஒரு ஆள் குடையோடு மல்லுக்கட்டுகிறான். குடை அவனை இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டு மெக்கானிக் அதைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தான்.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தான். திரையில் நெருப்பு. அந்தப் பெண்ணின் முகம். எதையோ எரிக்கிறாள். பிறகு இருட்டு, தண்ணீரில் ஏதோ விழும் சத்தம். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

"என்னடா ஆச்சு? ஏன் சத்தத்தைக் காணோம்? என்ன எரிச்சா?" அக்கா முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் ஓட்டிப் பார்க்கலாம். ரிமோட் அக்காவின் கையில் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் கண்ணு கொட்டாம பார்ப்பான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவளிடம் கொட்டிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"புருஷனோட கோட்டுக்கா" என்றான். "அதைத்தான் பெட்டியிலேருந்து எடுத்தா. எரிச்சுட்டா. அழறா."

"அழறாளா?"

"அழுது, முகத்தைத் துடைச்சுக்கிட்டு, படகுல ஏறிப் போறா. அந்த வீட்டை விட்டே."

அக்கா நெற்றியைச் சுருக்கினாள். "தண்ணியில ஏதோ கனமா விழுந்துச்சே?"

"துடுப்புக்கா. கை தவறி விழுந்துச்சு."

"அப்ப இவ கொலை பண்ணலியா?"

"இல்லக்கா. அவங்க நிஜமாவே ஓடித்தான் போயிருக்காங்க."

அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. அவன் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

அந்த வாரம் அக்கா குழுவில் பேசியது போல அதற்கு முன் பேசியதில்லை. "நான் தோத்துட்டேங்க" என்று ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணுதான் கொலைகாரின்னு சத்தியம் பண்ணாத குறை. ஆனா அந்தப் படம் என் கன்னத்துல அறைஞ்சு சொல்லுது, தனியா இருக்கற பொம்பளை பேசாம இருந்தா உடனே அவளைச் சந்தேகப்படுவியா? அவ துக்கத்துல இருக்கான்னு உனக்குத் தோணலியான்னு. கோட்டை எரிச்சுட்டு எழுந்து போறா பாருங்க, அதுதாங்க முடிவு." சொல்லும்போது குரல் தழுதழுத்தது. வேலைக்குப் போகும் வழியில் அதைப் போனில் கேட்ட மெக்கானிக், பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

பாராட்டுகள் வந்தன. நடுவே ஒரு குரல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. குழுவில் எல்லாருக்கும் தெரிந்த இசை ஆசிரியர் ஒருவரின் குரல். அவருக்கும் பார்வை கிடையாது. அவருக்குப் படம் சொல்வது அவர் மனைவி.

"அக்கா தப்பா நினைக்கக் கூடாது. எங்க வீட்டுல வேற மாதிரி சொன்னாங்க. அந்தப் பொண்ணு எரிச்சது கோட்டு இல்ல, அடுத்த வீட்டுக்காரியோட கைப்பையும் மூக்குக்கண்ணாடியுமாம். ஏரியில ஒரு மூட்டையைத் தள்ளி விடறாளாம். ரெண்டு பேரையும் கொன்னது இவதானாம்."

அன்று சாயங்காலம் மெக்கானிக் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்டாள். "நீ சரியாப் பார்த்தியாடா?"

"பார்த்தேன்க்கா."

"எதை எரிச்சா?"

"கோட்டைத்தான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அது ஒரு சின்ன விஷயமாகவே போயிருக்கும். இரண்டு திட்டு, ஒரு சிரிப்பு. அவனுக்கும் பிறகு அது தெரிந்தது.

அக்கா போனை எடுத்தாள். சிரித்துக்கொண்டே பேசினாள், ஆனால் சிரிப்புக்குள் ஊசி இருந்தது. "வாத்தியாரே, உங்க வீட்டம்மா அடுப்படிக்கும் டிவிக்கும் நடுவுல நின்னு படம் பார்த்திருப்பாங்க. குக்கர் விசில் ரெண்டு வந்திருக்கும், பொணமும் ரெண்டாயிடுச்சு. என் தம்பி உட்கார்ந்து பார்த்தவன். கண்ணு இருந்தா மட்டும் போதாதுங்க, பார்க்கணும்."

குழுவே சிரித்தது. மறுநாள் வாத்தியாரின் பதில் வந்தது. "அப்படித்தான் இருக்கும்க்கா. மன்னிச்சுக்குங்க. நான் நம்பி வந்து சொல்லிட்டேன்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மெக்கானிக் மறுநாள் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் தனியாக உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தான். பெட்டியிலிருந்து கைப்பை. கண்ணாடி. நெருப்பு. அந்தப் பெண் அழவேயில்லை. உதட்டோரம் லேசாக ஏதோ அசைகிறது, சிரிப்பா என்று சொல்ல முடியாது. பிறகு படகு, மூட்டை, தண்ணீர். இருட்டில் கூடத் தெளிவாகத் தெரிந்தது. வாத்தியார் வீட்டம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

போனை அணைத்துவிட்டு அவன் பிரேக்கைச் சோதித்தான். சோதித்துவிட்டு மறுபடியும் சோதித்தான். லிஃப்ட் வேலையில் அவன் ஒருநாளும் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னவனில்லை. அதில் ஏறப்போகிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அவர்களுக்காக அப்படிப் பார்க்கிறவன், சொந்த அக்காவிடம் என்ன செய்தான் என்று நினைத்துக்கொண்டே கை எண்ணெயைத் துடைத்தான்.

ஆனாலும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான். மனைவி, "என்ன, மூஞ்சி இப்படித் தொங்கிப் போயிருக்கு?" என்று கேட்டதற்குத் தோள் வலி என்றான். அடுத்த ஞாயிறு வந்தது. ஒரு புது இந்திப் படம். அன்றைக்கு அவன் சொன்ன மாதிரி அதற்கு முன் சொன்னதேயில்லை. பின்னால் தெரிகிற காலண்டர் படத்தைக்கூட விடவில்லை. "போதும்டா, பாட்டைக் கேக்க விடு" என்று அக்காவே அலுத்துக்கொண்டாள். ஒவ்வொரு காட்சியையும் சொல்லிச் சொல்லி, சொல்லாத ஒன்றை மூடப் பார்த்தான். மூட முடியவில்லை.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள் அக்கா சங்கத்துக்குப் போயிருந்தாள். மனைவியும் வேலையிலிருந்து வரவில்லை. அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒல்லியான ஒரு அம்மாள், தோளில் துணிப்பை, கையில் மடித்த குடை. யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் இசை ஆசிரியரோட மனைவி" என்றாள். "சங்கத்துல விலாசம் வாங்கினேன். உள்ள வரலாமா? சண்டை போட வரல."

உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் தம்ளரைத் தொடவில்லை.

"அந்தப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன் தம்பி. மூணு தடவை. ஒருவேளை நான்தான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கண்ணாடிதான். நீங்களும் பார்த்தீங்கல்ல?"

மெக்கானிக்கின் வாய் தானாகவே ஒன்றைச் சொன்னது. "அது... ரெண்டு விதமா எடுத்திருக்காங்கன்னு நினைக்கிறேன்ம்மா. ஒண்ணு தியேட்டர்ல வந்தது, ஒண்ணு..."

"அப்படியா?" அந்த அம்மாள் அவனையே பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "எனக்குப் படம் முக்கியமில்ல தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவருக்கு நான்தான் எல்லாத்தையும் சொல்றேன். வழியில பள்ளம் இருக்கு, டீ சூடா இருக்கு, எதிர்ல வர்றவர் சிரிக்கிறார். ஒரு நாளும் அவர் ஏன்னு கேட்டதில்ல. நேத்து ஒரு சட்டையை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய், 'இது என்ன நிறம்'னு அங்க கேட்டார். நான் இங்க நின்னுக்கிட்டிருக்கேன்."

அவள் எழுந்தாள். "உங்க அக்கா நல்லாப் பேசறாங்க. அவங்க பேசினா எல்லாரும் நம்பறாங்க. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்." செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அவள் அதில் போகவில்லை.

தம்ளர் தண்ணீரை எடுத்துக் கொட்டக்கூட அவனுக்குக் கை வரவில்லை. அக்கா வந்தபோது அது மேஜையிலேயே இருந்தது. அக்கா தடவிப் பார்த்து, "யாருடா வந்தது?" என்றாள்.

"வாத்தியார் வீட்டம்மா."

"ஓ, சண்டைக்கா? என்ன சொல்றாங்க?"

"அக்கா, உட்காரு."

"ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உட்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே சொன்னான். போன் ஒளிர்ந்தது, குடை, காற்று, தீக்குச்சிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தது, கோட்டு என்று வாயில் வந்தது, துடுப்பு என்று வாயில் வந்தது. மோட்டார் அறையில் உட்கார்ந்து பார்த்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த அம்மாளிடமும் ஒரு பொய் சொன்னது. பக்கத்து வீட்டில் கேட்ட சட்டையின் நிறம். எல்லாம்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தச் சத்தம் கனமா இருந்துச்சுடா" என்றாள் கடைசியில். "துடுப்பு அப்படி விழாது. என் காது சொல்லுச்சு. நான்தான் அதை அடக்கிட்டு உன் கண்ணை நம்பினேன்."

"தப்புதான்க்கா."

"இதுக்கு முன்னாடி எத்தனை?"

"என்னது?"

"இந்த மாதிரி. எத்தனை படம்?"

இல்லை, இது ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் பொய் என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. "அந்தப் பண்ணை வீட்டு இந்திப் படத்துல நாய் தப்பிச்சுடுச்சுன்னு சொன்னேன்ல. தப்பிக்கல. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. அப்புறம் ஒண்ணு ரெண்டு இடத்துல சும்மா, அவசரத்துல... ஞாபகமில்லக்கா."

"நாய் செத்துடுச்சா?"

"ம்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. கண்ணாடிக் கதவு சாத்துவது போலச் சத்தமேயில்லாமல். "அந்த நாய்க்காகவே அந்தப் படத்தைப் புகழ்ந்து பேசினேன்டா நான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே அக்கா குழுவில் பேசினாள். தம்பியின் பெயரை இழுக்கவில்லை. "ஏரிக்கரை வீட்டுப் படத்தைப் பத்தி நான் சொன்னது தப்பு. வாத்தியார் வீட்டம்மா சொன்னதுதான் சரி. எழுத்துக்கு எழுத்து சரி. அவங்களைப் போய் நான் கேலி பண்ணினேன். சிரிச்சவங்க எல்லாரும் அதைத் திருப்பி எடுத்துக்குங்க. யார் சொல்லி நான் சொன்னேன்னு கேக்காதீங்க. சொன்னது என் வாய்."

பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக், "நானும் பேசறேன்க்கா, போனைக் குடு" என்றான்.

"உன் போன்ல பேசு" என்றாள் அக்கா.

குழுவில் அவன் அதுவரை பேசியதில்லை. தொண்டையைச் செருமி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, நான்தான் அந்தத் தம்பி என்று சொல்லிப் பேசினான். பேசி அனுப்பிய பிறகும் மனம் ஆறவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனான்.

சின்ன வீடு. சுவரோரம் ஒரு பழைய ஆர்மோனியம், மேலே துண்டு போர்த்தியிருந்தது. வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். அவன் உட்காரவில்லை.

"சார், நான் அந்தக் காட்சியைப் பார்க்கவேயில்ல. போனைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மா சொன்னதுதான் நிஜம். அவங்க எங்க வீட்டுக்கு வந்து கேட்டப்பவும் நான் பொய்தான் சொன்னேன்."

வாத்தியாரின் விரல்கள் நாற்காலியின் கையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன, நின்றன, மறுபடி தட்டின. பிறகு அவர் முகத்தை மனைவி நின்ற பக்கம் திருப்பினார்.

"இவர் முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் ஒருமுறை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சவரம் பண்ணல. கண்ணு சிவந்திருக்கு" என்றாள். "அழுதுடுவார் போல இருக்கு. உட்காரச் சொல்லுங்க."

"உட்காருங்க தம்பி" என்றார் வாத்தியார்.

உட்கார்ந்தான். அந்த அம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். கணவர் கையில் கொடுக்கும்போது, "சூடு, பார்த்து" என்றாள். "சரி" என்றார் அவர். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் மெக்கானிக் எழுந்துவிட்டான். வெளியே வந்து தெருமுனை வரை நடந்து, அங்கே ஒரு கடை மறைவில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வீட்டில் ஒடிந்தது அப்படி ஒட்டிக்கொண்டது. சொந்த வீட்டில் அப்படி நடக்கவில்லை.

அக்கா அவனோடு பேசாமல் இருக்கவில்லை. எப்போதும் போலக் கிண்டல் செய்தாள். சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் படமும் நிற்கவில்லை. ஆனால் இப்போது அதைச் சொல்வது வாத்தியார் மனைவி. அந்த வீட்டில் அவர்கள் இருவரும், இந்த வீட்டில் அக்காவும், ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் போட்டுக்கொள்வார்கள். போனில் அந்த அம்மாளின் குரல் சொல்லிக்கொண்டே வரும். அவள் மெக்கானிக்கைப் போல அலங்காரமாகச் சொல்வதில்லை. "தெரியல, இருட்டா இருக்கு" என்பாள், "நான் கவனிக்கல, பின்னாடி போறேன் இருங்க" என்பாள். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. சமீபத்திய ஹாலிவுட் படம் ஒன்றைப் பற்றி மூன்று பேரும் போனிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். துப்பறிகிற பெண்ணின் அம்மாவை எதற்குக் கதைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதில் ஒத்துப்போகவேயில்லை.

மெக்கானிக்கும் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். போனை உள்ளறையில் வைத்துவிட்டு வருவான். கண்ணை எடுக்காமல் பார்ப்பான். யாரும் அவனை எதுவும் கேட்பதில்லை.

"நீயும் வந்து உள்ள படேன்" என்று மனைவி ஒருநாள் சொன்னாள். "சும்மா தேவையில்லாம அங்க போய் ஏன் உட்கார்ந்திருக்க?"

"இல்ல, இருக்கட்டும்" என்றான்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அக்கா சங்கத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் நின்றிருந்த மெக்கானிக் வானத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, தூறல் போடுது, குடை எடுத்துக்கோ" என்றான்.

"அப்படியா?" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலருகே வந்து, கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

தான் செய்தது என்னவென்று அவளுக்கே தெரிந்திருக்காது. மெக்கானிக் அதைப் பற்றி அவளிடம் பேசவில்லை, பேசவும் உத்தேசமில்லை. வேலையிடத்தில் என்னிடம் மட்டும்தான் சொன்னான், லிஃப்ட் கூண்டின் மேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கும்போது. அந்தக் குடை வீடியோவை அவனுக்கு அனுப்பியவன் நான்.